பின்கதவைத் தாங்கும் வாயு

கல்யாண மண்டபத்து வாசலிலும் ரயில் நிலையத்து முகப்பிலும் சாமான் இறக்குவதற்காக வந்து நிற்கும் பெரிய கார்களைச் சற்று நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு காட்சி புதிதாக இராது. வண்டியின் பின்கதவை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தபடியே, மற்றொரு கையால் இருக்கைக்கு அடியில் துழாவி, அளவாக வெட்டி வைத்திருக்கும் ஒரு மூங்கில் கழியை எடுத்து, கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகே பெட்டிகளில் கை வைப்பார் டிரைவர். கழி இல்லாத வண்டியாக இருந்தால், வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, கோவர்த்தன கிரியைத் தாங்கிய கோலத்தில், கடைசிப் பெட்டி இறங்கும் வரையில் அசையாமல் நிற்பான். வண்டி புதிதாக வந்தபோது சிறிது தூக்கிவிட்டாலே போதும், மிச்சத் தூரத்தைத் தானாகவே ஏறி உச்சியில் போய் நின்ற கதவுதான் அது. அதை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த காரணம் அற்பமானது. நீக்கும் உபாயமும் அப்படியே. ஆயினும் வருஷக் கணக்கில் கழியோடு காலம் தள்ளுகிற குடும்பங்கள் அநேகம்.

இந்தக் கழி வைத்தியம் எனக்குச் சம்மதமானதன்று. பெரிய வண்டிகளில் கண்ணாடி, பூட்டு, வைப்பர் மோட்டார் எல்லாம் சேர்ந்து பின்கதவின் எடை 25, 30 கிலோ வரை இருப்பது சகஜம்; அவ்வளவு பாரமும், வழவழப்பான ஒரு தகட்டின் மேல் சாய்ந்து நிற்கும் கழியின் நுனி நழுவிய மாத்திரத்தில், குனிந்து பெட்டி எடுப்பவரின் பிடரியைத் தேடி வருகிறது. கதவின் கீழ் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பூட்டின் இரும்பு நாக்கு நேராகத் தலையில் பட்டால் நேரும் காயம் விளையாட்டானதல்ல. கதவைத் தாங்க வேண்டிய பொறுப்பைக் கழியிடம் ஒப்படைப்பதை விட, அந்தப் பொறுப்புக்கு உரியவனைப் புதிதாக நியமித்துவிடுவதே விவேகம். அந்த நியமனத்துக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும் என்ற அவசியங்கூட இல்லை.

பின்கதவைத் திறந்தால் இரு ஓரங்களிலும், பாதி தடித்தும் பாதி மெலிந்தும், ஏறக்குறைய ஒரு முழ நீளத்தில் இரண்டு தண்டுகள் தென்படும். டிக்கி ஷாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இவற்றைத்தான். தடித்த பகுதி ஓர் உருக்குக் குழாய். மெலிந்த பகுதி அதற்குள் போய்வரும் தண்டு. பார்ப்பவர்கள் உள்ளே ஒரு சுருள்கம்பி இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் குழாயைச் சுற்றிலும் மூடி, தண்டு புகும் வாயில் ரப்பர் சீல் வைத்து அடைத்து, உள்ளே நிரப்பியிருப்பது நைட்ரஜன் வாயுவும் சொற்ப அளவு எண்ணெயும் மாத்திரமே. நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு இருக்கும் அந்தச் சாதுவான வாயுவையே, வெகுவாக அமுக்கி ஒரு குழாய்க்குள் சிறைவைத்து, விடுதலைக்காக அது காட்டும் துடிப்பைக் கதவைத் தூக்கும் சக்தியாக மாற்றியிருக்கிறார்கள். வெறும் காற்றையே அடைத்திருக்கலாமே என்றால், காற்றிலுள்ள ஈரம் உருக்கை அரிக்கும். அதிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு அதிக அழுத்தத்தில் சேர்ந்திருப்பதும் அபாயம். நைட்ரஜன் எதனோடும் எளிதில் வம்புக்குப் போகாது.

இந்தச் சாதனத்தின் யுக்தி சற்று ரசிக்கத் தக்கது. தண்டின் உள்முனையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதில் நுண்ணிய துவாரம் இருப்பதால் வாயு அதன் இரு பக்கங்களுக்கும் போய்வருகிறது. ஆகையால் இரு பக்கத்திலும் அழுத்தம் சமமே. அழுத்தம் சமமானால் பிஸ்டன் ஏன் நகர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஒரு பக்கம் பிஸ்டனின் முழுப் பரப்பும் வாயுவுக்கு எதிரே இருக்கிறது. மறு பக்கத்தில் தண்டு ஒட்டியிருக்கும் இடத்தை வாயு தொட முடிவதில்லை. தண்டின் குறுக்குப் பரப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு பக்கத்துத் தள்ளுதல் மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சந்தான் தண்டை வெளியே தள்ளுகிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்குக் குறுக்குப் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர்தான். அத்தனை சிறிய பரப்பைக் கொண்டு 40 கிலோ பாரத்துக்கு ஈடான 400 நியூட்டன் விசையை உண்டாக்க வேண்டுமானால், உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சுமார் 80 மடங்கு இருந்தாக வேண்டும். கார் டயருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். அதே கணக்கில் சொல்வதானால் இந்தக் குழாய்க்குள் இருப்பது 1,100 பவுண்டுக்கு மேல். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது அவசியப்படும். எண்ணெயின் வேலை வேறு: சீல் உலர்ந்து போகாமல் காப்பதும், கதவு உச்சியை எட்டும் கடைசிக் கணத்தில் பிஸ்டனின் வேகத்தை மட்டுப்படுத்தி, கதவு தடாலென்று அதிர்ந்து நிற்காமல் மெத்தென்று அமரச் செய்வதும் அதன் பணி.

அடைத்த வாயுவை வில்லாகப் பயன்படுத்தும் எண்ணத்தை உலகத்துக்குப் பகிரங்கமாகக் காட்டிய வண்டிகளுள் 1955ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோவன் டிஎஸ் முக்கியமானது. அதன் உடற்பகுதி நைட்ரஜன் அடைத்த உருண்டைகளின் மேல் மிதந்தது. கதவைத் தாங்கும் சிறிய வாயுத் தண்டுகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது ஜெர்மனியில் ரைன் நதியும் மோசல் நதியும் கூடும் கோப்ளென்ஸ் நகரத்து ஸ்டாபிலஸ் நிறுவனம், அது 1962இல். பிரெஞ்சு நாட்டு ரெனோ 16 போல, பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேல்நோக்கித் திறக்கும் குடும்பக் கார்கள் ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்றதும் அந்தப் பத்தாண்டில்தான். அம்பாஸடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த நம் ஊர்ச் சாலைகளில் இத்தகைய கதவு சாதாரணமாக வெகு காலம் ஆயிற்று. 2005இல் இன்னோவா வந்து, வாடகை வண்டியாகவும் கூட்டுக் குடும்பத்தின் வண்டியாகவும் ஊரெங்கும் பரவிய பிறகு, டிக்கி ஷாக் தளர்ந்த கதையும் கூடவே பரவிவிட்டது.

கதவின் எடை 30 கிலோ, தண்டு ஒவ்வொன்றின் விசையோ 40 கிலோவுக்கு மேல், அப்படியிருக்க இரண்டு எதற்கு என்று கணக்குப் போடுபவர்கள் இருப்பார்கள். நெம்புகோலின் தத்துவத்தில் இதற்கு விடை இருக்கிறது. கதவு தொங்குவது மேலே கூரை ஓரத்திலுள்ள கீல்களில். அதன் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் கூடியிருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளி கீலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டுகளைப் பூட்டியிருப்பதோ கீலுக்கு வெகு அருகில். அவற்றின் தள்ளுதல் கீலைச் சுற்றித் திருப்பும் தூரம் 20 சென்டிமீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு தூரத்திலிருந்து தாங்குகிறவன் மூன்று மடங்கு பலத்தோடு தாங்க வேண்டும் என்பது மாறாத விதி. ஆகவே 30 கிலோ கதவுக்கு 90 கிலோ விசை தேவைப்படுகிறது. அதை இரண்டாகப் பங்கிட்டால் தண்டுக்கு 45 கிலோ.

கதவை மூடியிருக்கும் நிலையில் தண்டு கீலை ஒட்டியவாறே ஏறக்குறையப் படுத்துவிடுவதால், அது எவ்வளவு தள்ளினாலும் கதவைத் திருப்பும் சக்தி அப்போது அற்பமே. பூட்டைத் திறந்ததும் கதவு முகத்தில் அறையாமல் இருப்பதும், முதல் ஒரு சாண் உயரத்துக்கு நாம் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். அதற்கு மேல் ஓர் இடம் வருகிறது; அங்கே தண்டின் பலம் பாரத்தை வென்றுவிடுகிறது; கதவு நம் கையை விட்டுத் தானாக ஏறுகிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் அவ்வப்போது கவனித்து வருவது நல்லது. புதிய வண்டியில் அது தாழ்ந்த உயரத்தில் இருக்கும். வருஷங்கள் செல்லச் செல்ல மெல்ல மேலே நகரும். ஒரு நாள் அது உச்சிக்கே போய், அப்பால் இல்லாமலும் போய்விடும். சீலின் வழியே நைட்ரஜன் கசிவது அத்தனை மந்தமாக நடப்பதால், ஒவ்வொரு மாசமும் நம் கை சிறிது அதிகமாகத் தூக்கப் பழகிக்கொள்கிறதே ஒழிய, தண்டு நலிகிறது என்று மனத்துக்குத் தட்டுப்படுவதில்லை.

உஷ்ணமும் இதில் தன் பங்கைச் செலுத்துகிறது. அடைத்து வைத்த வாயு குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். மதுரையில் 38 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியை ஊட்டிக்கு ஓட்டிச் சென்று, 5 டிகிரி குளிருள்ள விடியற்காலையில் கதவைத் திறந்தால், தண்டின் பலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு காணாமற் போயிருக்கும். நல்ல தண்டுக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டன்று. ஏற்கெனவே நலிந்து, சமவெளியில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த தண்டு, மலைக்குப் போன இடத்தில் கைவிட்டுவிடும். ஊட்டிக்குப் போனபோது விழுந்த கதவு ஊருக்குத் திரும்பியதும் சரியாக நிற்கிறதே என்று நிம்மதி கொள்பவர்கள், அந்த நிம்மதியைச் சில மாசங்களுக்கு மேல் நம்ப வேண்டாம்.

தளர்ச்சியைப் பரீட்சிக்க நிபுணர் தேவையில்லை. கதவுக்கு நேர் கீழே நிற்காமல், ஓரமாக நின்று, முழுவதும் திறந்து, பிறகு கையால் தாழ்த்திப் பாதி உயரத்தில் சற்றே விட்டுப் பாருங்கள்: தடதடவென்று கீழே வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தண்டின் பளபளப்பான பகுதியில் எண்ணெய் கசிந்து தூசு அப்பியிருந்தாலும், அதில் கீறலோ துருவோ தென்பட்டாலும் சீல் கெட்டது என்றே கொள்ளலாம். அந்தப் பளபளப்பைக் கெடுப்பதில் நம்மவர்களின் கைங்கரியமும் உண்டு. மெழுகும் கிரீஸும் தடவி அதற்குச் சேவை செய்வதாக எண்ணுபவர்கள், உண்மையில் மண்ணைச் சேகரித்துச் சீலுக்கு ஊட்டுகிறார்கள். சுத்தமான துணியால் துடைப்பதற்கு மேல் அது எந்த உபசாரத்தையும் வேண்டுவதில்லை.

புதிய தண்டு வாங்குவதில் இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இளமையும் மறு பக்கம் முதுமையுமாகத் தூக்கினால் கதவு முறுக்கிக்கொண்டு, கீலும் தகடும் பாதிக்கப்படும். மற்றொன்று, பழைய குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து, அதே நீளமும் அதே விசையும் உள்ளதையே வாங்க வேண்டும். 450 என்று எழுதி அருகில் நியூட்டனைக் குறிக்கும் எழுத்து இருந்தால், 450 நியூட்டன் என்பது பொருள். பலம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 600 நியூட்டன் தண்டைக் கொண்டுவந்து மாட்டுபவர்கள், கதவை மூடுவதற்கு மல்யுத்தம் செய்வதோடு, தண்டைத் தாங்கும் தகட்டையும் நாளடைவில் நெளியச் செய்துவிடுகிறார்கள். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதிய உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவை கிடைக்கும். கண்ணாடியோ கதவோ அங்கே வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் டிக்கி ஷாக்கை மாத்திரம் அப்படி வாங்காதீர்கள். வாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. மறுபடி வாயு நிரப்பித் தருகிறோம் என்பவர்களையும் தவிர்க்கலாம். ஒரு முறை அடைத்தால் அடைத்ததுதான் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட பொருள் அது.

இனி மாற்றும் காரியம். சிறிய தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். சில வண்டிகளில் தண்டு போல்ட்டினால் பூட்டியிருக்கும், அவற்றுக்கு ஒரு ஸ்பேனர். கருவிகளைவிட அவசியமானது உடன் நிற்க ஒரு திடகாத்திரமான ஆள். மேலே நான் பழித்த கழிக்கும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் நியாயமான இடம் உண்டு. சமதளமான தரையில், காற்று வீசாத நேரத்தில் வண்டியை நிறுத்திக் கதவை முழுவதும் உயர்த்தி, துணி சுற்றிய கழியைக் கண்ணாடியில் படாமல் கதவின் உலோக ஓரத்தில் முட்டுக் கொடுத்து, அது போதாதென்று உடன் இருப்பவர் இரு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய தண்டு எத்தனை நலிந்ததானாலும் கதவின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கழற்றிய கணத்தில் அந்தப் பாரமும் பிடித்திருப்பவர் மேல் வந்து சேரும் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

பெரும்பாலான கார்களில் தண்டின் இரு முனைகளிலும் சிறிய கிண்ணம் போன்ற குழி இருக்கும். அது வண்டியில் பதித்த ஒரு குண்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். நழுவாமலிருக்க ஒரு கம்பிக் கிளிப் அதைப் பற்றியிருக்கும். அந்தக் கிளிப்பை முழுவதும் பிடுங்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை உள்ளே விட்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் நெம்பினால், அதன் பிடி தளர்ந்துவிடும். அப்போது முனையைக் குண்டின் திசையிலேயே நேராக வெளியே இழுத்தால் கழன்று வரும். அடம் பிடிப்பதை ஆத்திரத்தோடு நெம்புபவர்கள் கிளிப்பைக் கண்ணில் வாங்கிக்கொள்ள நேரும். சாதாரண மூக்குக்கண்ணாடியாவது போட்டுக்கொள்வது நல்லது. தண்டோடு ஏதேனும் ஒயர் இணைந்திருந்தால், அது பின்கண்ணாடியைச் சூடாக்கும் மின்சாரத்துக்கானதாக இருக்கலாம். அதன் இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் தானே திறந்து மூடும் கதவுள்ள விலையுயர்ந்த வண்டிகளில் இதே இடத்தில் இருக்கும் தடித்த தண்டுக்குள் மின்மோட்டார் அடங்கியிருக்கிறது. அதை மாற்றுவது வீட்டு வேலையல்ல.

புதியதைப் பூட்டும்போது மெலிந்த தண்டு கீழேயும் தடித்த குழாய் மேலேயும் இருக்கும்படி வைப்பதே வழக்கம். அப்படி இருந்தால்தான் உள்ளேயுள்ள எண்ணெய் கீழே இறங்கிச் சீலை எப்போதும் நனைத்திருக்கும். பழையது எப்படி இருந்தது என்று கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வோருக்கு இதில் குழப்பமே வராது. புதிய தண்டு முழு நீளத்துக்கு நீண்ட நிலையில் வரும். மேல்முனையை மாட்டியபின் கீழ்முனை குண்டுக்குச் சற்று எட்டாமலோ மிஞ்சியோ நின்றால், தண்டைக் கையால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 40, 45 கிலோ விசையோடு சண்டையிட்டு வழுக்கி விரலை நசுக்கிக்கொள்வதுதான் பலன். கதவை உடனிருப்பவர் ஒரு விரற்கடை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ குண்டு தானே குழிக்கு நேராக வந்து சேரும். உள்ளங்கையால் அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். கிளிப்பை மறுபடி அமுக்கிவிட்டு, முனையைப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மற்றப் பக்கத்தையும் இவ்வாறே முடித்துக் கழியை எடுத்துவிட்டு, முதல் தடவை கதவை மூடும்போது ஒரேயடியாக அறையாமல், கையோடு கொண்டுவந்து நிதானமாக மூடுங்கள். தண்டு எங்காவது உரசுகிறதா, கதவின் இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும். நிதானமாகச் செய்தாலும் அரை மணிக்கு மேல் பிடிக்கும் வேலையல்ல. தளர்ந்த கதவுக்குப் பழகிய கையின் பலத்தோடு அடுத்த நாள் தூக்கினால் கதவு எதிர்பாராத வேகத்தில் பாயும். வீட்டிலுள்ள எல்லோருக்கும், விசேஷமாகக் குழந்தைகளுக்கு, அதைச் சொல்லி வையுங்கள்.

கழற்றிய பழைய தண்டுகள் செத்துப்போனவை அல்ல. கதவைத் தூக்கப் போதாதே தவிர, மேலே கண்ட 1,100 பவுண்டில் பெரும்பகுதி இன்னும் அதற்குள் அடைந்தே கிடக்கிறது. அதை ரம்பத்தால் அறுப்பதோ, துளை போடுவதோ, குப்பையோடு தீயில் இடுவதோ வெடிகுண்டோடு விளையாடுவதற்குச் சமானம். எரியும் கார்களை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள், சூடேறி அம்பாகப் பாய்ந்த இத்தகைய தண்டுகளால் காயமடைந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. மாற்று பாகம் வாங்கிய கடையிலேயோ, தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலேயோ பழையதைச் சேர்த்துவிடுவது நல்லது. காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்றால், உள்ளே அழுத்தமுள்ள வாயு இருக்கிறது, கேஸ் கட்டர் வைக்கக் கூடாது என்று எடை போடுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லி, குழாயின் மேல் சுண்ணாம்பிலாவது எழுதிக் கொடுங்கள். அதை அறுக்கப் போகிறவன் பெரும்பாலும் இதையெல்லாம் அறிந்திராத ஒரு சிறுவனாக இருப்பான்.